ஒப்பந்தப்புள்ளியும் வாய்மையும்

கட்டுமானப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் உரிமையாளர், மண்ணின் தன்மை, நிலத்தடி நீர்மட்டம், பழைய கட்டுமானங்களின் ஆழம் முதலிய விவரங்களை ஆவணத்தில் தருவர். அவ்விவரங்களுக்குத் தாம் பொறுப்பில்லை என்றும், ஒப்பந்தக்காரரே ஆய்ந்து தெளிய வேண்டும் என்றும் அதே ஆவணத்தில் விதிப்பதும் உண்டு. விவரம் பொய்த்து இழப்பு நேரின் அதனை ஏற்க வேண்டியவர் சொன்னவரா, நம்பியவரா? இவ்வினா சட்டத்தோடு அறத்திற்கும் உரியது.

டப்ளின் மாநகராட்சியின் கழிவுநீர்ப் பணி குறித்த வழக்கு இங்கு நோக்கத்தக்கது. வரைபடம் காட்டிய ஆழத்தில் பழைய சுவர் இல்லாமையால் ஒப்பந்தக்காரருக்குக் கூடுதல் செலவு நேர்ந்தது. 'ஆய்ந்து தெளிக' என்னும் விதியை மாநகராட்சி கேடயமாக்கியது. மோசடிக்கு அவ்விதி காப்பாகாது என்று 1907இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

எனினும் எல்லாப் பிழையும் மோசடியன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மோசடியைப் பிரிவு 17இலும், தவறான கூற்றைப் பிரிவு 18இலும் வேறுபடுத்துகிறது. உண்மையென நம்பியே உரைப்பினும், போதிய ஆதாரமின்றி உறுதிபடக் கூறிய பொய்ம்மை தவறான கூற்றேயாம். ஆயினும், சாதாரண முயற்சியால் உண்மையை அறிய வாய்ப்பிருந்தவர் அத்தகைய கூற்றைக் காட்டி ஒப்பந்தத்தைத் தவிர்க்க இயலாது என்பது பிரிவு 19இன் விதிவிலக்கு.

'சாதாரண முயற்சி' என்பதன் எல்லை யாது? உரிமையாளருக்கு நிலமும் காலமும் கைவசம் உள்ளன. புள்ளி அளிப்பவருக்கோ குறுகிய கெடுவே உண்டு. பிறர் நிலத்தை விரும்பியவாறு தோண்டவும் இயலாது. மேலும், விவரத்தை ஐயுற்று விலையை உயர்த்துபவர் போட்டியில் தோற்பர். நம்பி விலையைக் குறைப்பவரே வெல்வர். நம்பினாலன்றி வெல்ல இயலாத முறையை வகுத்துவிட்டு, நம்பியதைக் குற்றமாக்குவது முறையன்று.

இதனால் ஒப்பந்தக்காரருக்குக் கடமையே இல்லை என்பது பெறப்படாது. பிழையை அறிந்தும் பின்னர் இழப்பீடு பெறும் நோக்கில் வாளாவிருந்தவர் ஏமாற்றப்பட்டவராகார். அவ்வாறே, 'இன்ன இடங்களில் மட்டும் துளையிட்டு ஆய்ந்தோம். இடைப்பட்ட நிலத்தை ஆய்ந்திலோம்' என்று உரைக்கும் உரிமையாளர், ஆய்வுறா நிலத்தின் இடரை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பது நேர்மையே.

எனவே, அறிந்ததைக் கூறுவதோடு, அதனை எவ்வாறு அறிந்தார், எந்த அளவிற்கு அறிந்தார் என்பதையும் கூறுதலே உரிமையாளரின் கடன். அக்கடனை ஆற்றாதவருக்குப் பொறுப்பு விலக்கு விதி அறத்தின் முன் துணையாகாது எனலாம்.