கல்வி தானமா, கடனா?

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை நம் முன்னோர் பெரிதும் போற்றினர். சமண முனிவர் உறைவிடத்திற்கு வழங்கிய ‘பள்ளி’ என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்திற்கும் வழங்குகிறது. ஆயினும், நாட்டின் குழந்தைகளுக்கு அரசு அளிக்கும் கல்வி தானமா, கடனா என்பது சிந்தனைக்குரியது.

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை 10 ஆண்டுகளுக்குள் அளிக்க அரசு முயலும் என்றது. நெறிமுறைக் கோட்பாடுகளுள் காலவரையறை கூறிய பிரிவு அது ஒன்றே. ஆனால், அக்கோட்பாடுகளை நிறைவேற்றுமாறு நீதிமன்றத்தில் வழக்காட இயலாது.

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணியோடு கலக்கும் மணிமுத்தாற்றின் குறுக்கே அணை எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். அணைச்சுவர் பாதியில் நின்றால் வழிப்போக்கனும் காரணம் கேட்பான். பள்ளி செல்லாத குழந்தையோ வயலிலும் ஆட்டுமந்தையின் பின்னும் ஒருவர் கண்ணிலும் படாமல் நிற்கும். காமராசர் ஆட்சியில் இங்கே பள்ளிகள் பெருகின. மதிய உணவும் வந்தது. எனினும், 1960இல் நாட்டளவில் கெடு கடந்தபோது கேட்பார் இலர்.

தானத்தைக் கொடுப்பவன் மனம் நெகிழும்போது கொடுப்பான், பெறுபவன் காத்திருப்பான். கடனோ தவணை தப்பினால் கேட்கும் உரிமையைத் தருகிறது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 14 வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமை என்றது. 2002இல் இயற்றப்பட்ட 86ஆவது திருத்தம் 45ஆம் பிரிவின் பழைய வாசகத்தை நீக்கி, 6 முதல் 14 வயதினர்க்கு 21-அ பிரிவின்வழி அவ்வுரிமையை வழங்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. தானம் கடனாயிற்று. ஆனால், 6 வயதிற்குட்பட்டோர்க்கு ‘முயலும்’ என்னும் பழைய சொல்லே எஞ்சியது.

வாசகத்தை மாற்றி எழுதியதால் பழைய வாக்கின் கடன் தீர்ந்துவிடுமா? தீராது என்பதே எம் துணிபு. ஏட்டிலிருந்து வரி நீங்கலாம்; அவ்வரியை நம்பியிருந்து எழுத்தறியாமலே வளர்ந்தோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். தீமை செய்தல் மட்டுமன்று, செய்யவேண்டியதைச் செய்யாமையும் பிறர்க்குத் துன்பம் விளைப்பதே.

நம் வயலிலும் கடையிலும் உழைக்கும் அத்தகையோர் ஒருவர்க்கேனும் எழுத்தறிவிக்க முன்வருவோம். அதனைத் தானம் எனப் பெருமை கொள்ளாமல், நாடு பட்ட கடனில் நம் பங்கு எனக் கொண்டு செலுத்துவோமாக!