பார்ப்போர் முன் செய்யும் அமல்

பிறர் பார்க்கச் செய்யும் நற்செயல் முகஸ்துதியாகி விடுமா? இந்த ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. இதற்கு அஞ்சியே நற்செயலைக் கைவிடுவோரும் உளர்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் கிராஃப்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1810இல் முழுமை பெற்ற கென்னட் - ஏவன் கால்வாய் அங்கே மேட்டைத் தாண்டிச் செல்கிறது. ஒவ்வொரு படகும் மதகுகளைக் கடக்கும்போது மேட்டிலுள்ள நீர் கீழே இறங்கி விடும். அதை ஈடு செய்ய, தாழ்வான இடத்திலிருந்து சுமார் 40 அடி உயரத்துக்கு நீரை ஏற்றியாக வேண்டும். அதற்கென 1812இல் அமைக்கப்பட்ட போல்டன் - வாட் நீராவி எஞ்சின் இன்றும் அதே கட்டடத்தில் இருக்கிறது.

வழக்கமான நாட்களில் அவ்வேலையை மின்சாரப் பம்புகள் செய்கின்றன. ஆண்டில் சில நாட்கள் மட்டும் நிலக்கரியிட்டுப் பழைய எஞ்சினை ஓட்டுகிறார்கள். மக்கள் வந்து பார்க்கிறார்கள். அப்போது மின்சாரப் பம்பை நிறுத்தி விடுகிறார்கள். கால்வாய்க்கான நீரைப் பழைய எஞ்சினே ஏற்றுகிறது.

சகோதரர்களே, சற்றுச் சிந்திப்போம். பல கண்கள் பார்ப்பதால் அந்த வேலை பொய்யாகி விடுவதில்லை. நீர் ஏறாமல் இரும்பு உத்தரம் மட்டும் ஏறி இறங்கினால்தான் அது வெறும் காட்சி.

"எஞ்சினுக்கு நிய்யத் ஏது? மனிதனுக்கல்லவா அது உண்டு!" எனக் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பலனை மட்டும் கொண்டு மனிதனின் அமலை அளக்க முடியாது. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைத்து ஏழைகளுக்கு ஈவது அதனினும் மேல் என்பது திருக்குர்ஆனின் போதனை. அப்படியாயின் நம் நிய்யத்தை நாமே சோதிப்பது எப்படி?

அதற்கும் கிராஃப்டனிலேயே ஓர் உவமை கிடைக்கிறது. ஓய்ந்து கிடந்த அந்த எஞ்சினைத் தொண்டர்கள் செப்பனிட்டு 1970இல் மீண்டும் ஓடச் செய்தார்கள். துரு நீக்குவதும், எண்ணெய் இடுவதும், கொதிகலனைத் துப்புரவு செய்வதும் பார்வையாளர் இல்லாத நாட்களின் வேலைகள். அவை இல்லையேல் பார்வையாளர் வரும் நாளில் எஞ்சின் அசையாது.

ஆகவே, பிறர் பார்க்கிறார்கள் என்பதற்காக நற்செயலை விட்டுவிட வேண்டாம். எவரும் பாராத நாளில் நாம் என்ன செய்கிறோம் என்று கேட்டுக் கொள்வோம். தனிமையிலும் தொடரும் அமலைச் சபையில் செய்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சபையில் மட்டுமே நிகழும் அமலைக் குறித்தே அஞ்ச வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் இக்லாஸைத் தந்தருள்வானாக! ஆமீன்.