கலவையும் கணக்கும்

எண்ணுக்கு முன்னால் தலைவணங்கப் பழகியவர்கள் நாம். நீதிமன்றத்தில் நிபுணர் ஒருவர் எழுந்து "இலட்சத்தில் ஒன்று" என்று சொன்னால், யூரிமார் அதற்கு மேல் கேள்வி எழுப்பத் துணிவது அரிது. அந்த எண் எங்கே பிறந்தது என்று கேட்பது விஞ்ஞான விரோதம் அன்று. விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பவர்களே முதலில் கேட்கவேண்டியது அது.

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ், டி.என்.ஏ. கொண்டு ஆளை அடையாளங் காணும் வழியைக் கண்டார். தனியொருவரின் இரத்தக் கறையைப் பொறுத்தவரை அது வலிமையான சான்று. நிரபராதிகள் பலரைச் சிறையிலிருந்து மீட்டதும் அதுவே. பலருடைய உயிரணுக்கள் கலந்த கறையோ வேறு விஷயம். ஆராயப்படும் ஒவ்வோரிடத்திலும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒருவருக்கு இரண்டு குறிகள் உண்டு. மூவர் கலந்தால் ஆறு குறிகள் வரை தென்படலாம். பொதுவான குறிகள் இருப்பின் மூன்றோ நான்கோதான் தென்படும். மாதிரி அற்பமாயின் உள்ள குறி மறையும்; அதைப் பெருக்கும் முறையினாலேயே இல்லாத குறி தலைகாட்டும். கலந்தவர் எத்தனை பேர் என்பதே ஓர் ஊகம். அதன் மேல்தான் கணக்கு எழுப்பப்படுகிறது.

ஊகிப்பவர் மனிதர். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கூட்டுப் பாலியல் வல்லுறவு வழக்கொன்றில், எதிரியைக் கலவையிலிருந்து விலக்க முடியாதென்றனர் ஆய்வாளர் இருவர். ட்ரோர், ஹம்பிக்கியன் என்னும் அறிஞர்கள் அதே தரவுகளை, வழக்கின் கதையைச் சொல்லாமல், வேறு 17 ஆய்வாளரிடம் கொடுத்தனர். முடிவு 2011இல் வெளியாயிற்று: 12 பேர் எதிரியை விலக்கினர், நால்வர் முடிவு கூறவியலாதென்றனர், ஒருவர் மட்டுமே முன்னவரோடு உடன்பட்டார். இவர்களில் எவரையும் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. கலவையை முதலில் படித்து எழுதிவைத்து, எதிரியின் குறிகளைப் பின்னரே பார்க்கவேண்டும் என்று ட்ரோர் போன்றோர் வற்புறுத்துவது இதனால்தான்.

2013இல் அந்நாட்டின் தேசிய நியமங்கள் தொழில்நுட்ப நிறுவகம் 108 ஆய்வுகூடங்களுக்கு ஒரு பரீட்சை வைத்தது. வங்கிக் கொள்ளையில் கிடைத்த முகமூடி என்ற கற்பனையில், நால்வர் கலந்த மாதிரியொன்றின் தரவுகள் அனுப்பப்பட்டன. அதில் இல்லவே இல்லாத ஒருவரை 74 ஆய்வுகூடங்கள் சேர்த்துவிட்டன. அவரைத் தெளிவாக விலக்கியவை ஏழே. வேண்டுமென்றே கடினமாக்கப்பட்ட வினா என்பது மெய்தான். ஆயினும் "முடிவு கூறவியலாது" என்று எழுத எவரும் தடுக்கவில்லையே!

இன்று இக்கணக்கைக் கணினிச் செய்நிரல் செய்கிறது. அது தரும் எண்ணின் பொருள் என்ன? எதிரி கலவையில் இருந்தால் இத்தரவுகள் தோன்றும் நிகழ்தகவு, அவருக்குப் பதில் யாரோ ஒருவர் இருந்தால் தோன்றும் நிகழ்தகவைப்போல் எத்தனை மடங்கு என்பதே. எதிரி குற்றவாளியாக இருக்கும் நிகழ்தகவு அதுவன்று. இவ்வேறுபாட்டை விளக்காது எண்ணை மட்டும் சபையில் வைப்பது நேர்மையாகாது. 2016இல் நியூ யோர்க் மாநிலக் கொலை வழக்கொன்றில், ஒரு செய்நிரல் எதிரிக்குப் பாதகமாகப் பேசிற்று. மற்றொன்று அவ்வாறு பேசவில்லை. நீதிபதி முன்னதை ஏற்க மறுத்தார், எதிரி விடுதலையானார்.

எக்குறி மெய், எக்குறி போலி என ஆய்வாளர் மனத்தில் நிகழ்ந்த தீர்ப்பு இப்போது செய்நிரலுக்குள் குடியேறிவிட்டது. திறந்து காட்டுங்கள் என்றால், தொழில் இரகசியம் என்கிறது அதை விற்கும் கம்பனி. ஒரு மனிதனின் விடுதலையைவிட அந்த இரகசியம் பெரிதா? 2021இல் நியூ ஜேர்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், இரகசியம் காக்கும் நிபந்தனையோடு, அத்தகைய செய்நிரல் ஒன்றின் மூல வரிகளை எதிரி தரப்பினர் பரிசோதிக்க இடமளிக்குமாறு கட்டளையிட்டது. அவ்வரிகளைப் படித்தறியும் நிபுணரை அமர்த்தக் கையில் பணமில்லாத எதிரி என்ன செய்வார் என்பதை எந்தக் கட்டளையும் இன்னும் தீர்த்துவிடவில்லை.