ஆமைக்குப் பிடித்த தடிமன்

ஆமையால் இரும முடியாது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் அதற்கு இல்லை. விலா எலும்புகளும் ஓட்டோடு ஒட்டிப்போனவை என்பதால் நெஞ்சு விரிந்து சுருங்கவும் இடமில்லை. கால்களையும் கழுத்தையும் வெளியே நீட்டினால் காற்று உள்ளே போகும், உள்ளே இழுத்தால் வெளியே வரும். சளி நுரையீரலுக்கு இறங்கிவிட்டால் அதைத் தள்ளி வெளியேற்ற அதற்கு வழி கிடையாது. மனிதருக்கு வரும் தடிமன் ஒரு கிழமையில் போய்விடும். ஆமையின் மூக்கொழுகலை அப்படிப் பார்க்கக் கூடாது.

கொத்மலையில் எங்கள் பக்கத்து லயத்துக் காம்பிரா ஒன்றில் அப்படியொரு ஆமை இருந்தது. முதுகில் மஞ்சள் கதிர் விரிந்த நட்சத்திர ஆமை. மன்னார்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்வந்தவர் பிள்ளைகளுக்கென்று பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். ஆடி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அடுப்படி மூலையில், ஈரச் சாக்கின் மேல், கழுத்தை முழுக்க நீட்டி வாயைத் திறந்து வைத்திருந்தது. ஒரு மூக்குத் துவாரம் காய்ந்த சளியால் அடைத்துப்போயிருந்தது. நான் தூக்கியதும் காலை உள்ளே இழுத்தது. மற்றத் துவாரத்தில் சின்னக் குமிழி ஒன்று ஊதி உடைந்தது, கூடவே மெல்லிய விசில் சத்தம்.

"சேர், இதுக்குத் தடிமன் புடிச்சிருக்கு. கொத்தமல்லி அவிச்சு ஊத்தலாமா?" என்று கேட்டார் அந்த வீட்டு அக்கா.

தன் பிள்ளைக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்ய நினைத்தார். அந்த அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த ஆமையின் நோய் மூக்கில் தொடங்கவில்லை. அது உட்கார்ந்திருந்த ஈரச் சாக்கிலும், கொத்மலை நீர்த்தேக்கத்திலிருந்து ஏறிவரும் பனியிலும் தொடங்கியது.

நட்சத்திர ஆமை உலர்வலயத்து உயிர். இலங்கையில் முட்புதரும் மணலும் வெயிலும் உள்ள தாழ்நிலங்களில்தான் அது வாழும். தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை அதனால் உள்ளே உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே நமக்கு வருவது போல் காய்ச்சலும் தானாக வராது. காய்ச்சல் வேண்டுமானால் அது நடந்து போய் வெயிலைத் தேட வேண்டும். 1975இல் மேத்யூ குளூகர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பாலைவன ஓணான்களுக்கு நோய்க்கிருமியை ஏற்றி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். 40, 42 பாகை செல்சியஸில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. 34, 36 பாகையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை செத்தன. கிருமி ஒன்றுதான், சூடுதான் வேறு. இதைப் படித்த நாளிலிருந்து, மூடிய காம்பிராவில் கிடக்கும் ஆமையை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை. தன்னைக் குணமாக்கிக்கொள்ள அதற்குத் தெரிந்த ஒரே வழி வெயிலுக்கு நடப்பது. நாம் அந்த வழியை அடைத்துவிட்டோம்.

எனவே முதல் வேலை சாக்கை மாற்றுவது. காய்ந்த தரை, பகலில் 30 பாகையை ஒட்டிய சூடு, இரவில் குளிர் ஏறாத பெட்டி. பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் பல்ப் தொங்க வேண்டும். சூடு கூடினால் மறுபக்கம் போக அதற்கு இடம் வேண்டும். வெயில் அடிக்கும் நேரம் வெளியே விடலாம், பக்கத்திலேயே நிழலும் இருக்கட்டும். தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால், உள்ளே வற்றிப்போன உடம்பு நீர் குடிக்கும். பிறகு நன்றாகத் துடைத்துவிட வேண்டும். தைலம் எதையும் மூக்கில் தடவக் கூடாது, வாயில் கசாயம் ஊற்றக் கூடாது. அது நேரே மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் போயே ஆக வேண்டும். அவர் கிருமிக்கொல்லி ஊசி போடலாம். அந்த மருந்துக்கும் சூடு வேண்டும். குளிர்ந்துபோன ஆமைக்கு இரத்த ஓட்டமும் எதிர்ப்புச் சக்தியும் மந்தம்; ஊசி போட்டுவிட்டுத் திரும்ப ஈரச் சாக்கில் விட்டால் பலன் இராது.

இந்த மலைக்கு இது புதுக் கதை இல்லை. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரில் இறங்கி அந்த உலர்ந்த காடுகளினூடே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் எங்கள் முன்னோர். தோட்டத் துரைமார் அந்த வெயில் நாட்டு மனிதர்களைக் குளிர் மலையில், ஜன்னல் இல்லாத காம்பிராக்களில் வைத்துவிட்டு, நோய் வந்ததும் மருந்து கொடுத்தார்கள். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களில் இறங்கியது. வரிசையில் நிறுத்திக் கீனோபோடியம் எண்ணெய் கொடுத்தார்கள், புழு விழுந்தது. கழிப்பிடம் கட்டச் செலவழிக்கத் துரைமார் பலர் முன்வரவில்லை. அதே மண்ணை வெறுங்காலோடு மிதித்தவர்களுக்குப் புழு மறுபடியும் ஏறியது. மனிதரையும் ஆமையையும் ஒரே தட்டில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இருக்கும் இடத்தை மாற்றாமல் கொடுக்கிற மருந்து எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் உடம்பிலேயே பார்த்தவர்கள். அதனால் இது நமக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிய வேண்டும்.

இந்த ஆமை இங்கே இருக்கவே கூடாதது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட உயிர். பிடிப்பதும் அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். 2019இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தமும் இதை முதலாம் பட்டியலுக்கு உயர்த்தி, அந்த வணிகத்தைத் தடை செய்தது. "அப்ப திரும்ப மன்னார்ல கொண்டுபோய் விட்டுருவோமா?" என்று அக்கா கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்வி, ஆனால் அதில்தான் பெரிய ஆபத்து. மூக்கொழுகலுக்குக் காரணமாகும் மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள், ஆமை தேறியதாகத் தெரிந்த பின்பும் உள்ளே தங்கிவிடலாம். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்து ஆமைகளிடம் இந்த நோய் பரவியதற்கு, வீட்டில் வளர்த்துக் காட்டில் விடப்பட்டவையும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த ஆமைகள் 1990இல் அங்கே அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டன.

ஒன்றை நேசிப்பதும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் ஒன்றே என்றுதான் சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இதற்கு முருங்கைக்கீரை பறிக்க மழையில் ஓடியவர்கள். அவர்களிடம், "இதை வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் சொன்னேன். மூத்தவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அங்க வெயில் இருக்குமா சேர்?" என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. பிரியத்தால் தர முடியாததைத் தரக்கூடியவர் கையில் ஒப்படைப்பதையும் பிரியம் என்றே நான் நினைக்கிறேன்.

திணைக்களத்திடம் ஒப்படைப்பதற்கு முன் வைத்தியம் முடிய வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலைக்குப் புசல்லாவை, கம்பளை வழியாகப் போகலாம். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் காய்ந்த துணி, துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல் ஒன்று. பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம். வைத்தியரிடம் ஆமை எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, வேறு ஆமைகளோடு இருந்ததா என்று எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயத்தில் மாற்றிச் சொன்னால் அவர் தவறான நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.