நூறாண்டு நின்ற கோயிலும் சட்டம் படிக்கப் போகும் பிள்ளையும்

ஒரு கோயில் ஒரே இடத்தில் நூறு வருடம் நின்றால், அந்த இடம் கோயிலுக்குச் சொந்தமா? கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ கட்டுகிறவரைக் கேட்டாலும், பிரிக்பீல்ட்ஸில் தே தாரேக் ஆற்றுகிறவரைக் கேட்டாலும் “பின்னே இல்லையா?” என்றுதான் பதில் வரும். மலேசிய நிலச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசு நிலத்தை எத்தனை காலம் அனுபவித்தாலும் அதனால் உரிமை பிறக்காது என்கிறது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. பிறர் பெயரில் உள்ள நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், உரிமையாளர் அதைத் திரும்பக் கேட்பதைத் தடுக்க முடியாது என்கிறது 341ஆம் பிரிவு. பதிவேட்டில் யார் பெயரோ, அவருடையதுதான் நிலம். 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தைப் பற்றி நாடே பேசியது. 130 ஆண்டுப் பழமை சொல்லப்பட்ட அந்த ஆலயம் நின்ற நிலம் 2014இலேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. கடைசியில் ஆலயம் சற்றுத் தள்ளி இடம் மாறுவதென்று முடிவானது.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே பிறர் நிலத்தை நீண்ட காலம் தன் நிலம் போல் வைத்திருந்தவர் உரிமை கேட்க ஒரு வழி உண்டு. 2002இல் வந்த நிலப் பதிவுச் சட்டம் அந்த வழியை வெகுவாகக் குறுக்கியது, ஆனால் அடைத்துவிடவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்து லண்டன் பட்டத்துக்குப் படிக்கும் கிள்ளான் பெண், பாடமாகப் படிப்பது அந்த நாட்டு நிலச் சட்டத்தைத்தான். தன் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தில் கோயில் ஏன் பெயர்க்கப்பட்டது என்பதற்கான விடை அவளுடைய பாடப்புத்தகத்தில் இருக்காது.

ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்த வாரத்தில், எந்த நாட்டுச் சட்டம் என்ற பேச்சே வீட்டில் எழுவதில்லை. எந்தக் காலேஜ், மொத்தம் எவ்வளவு வெள்ளி, எத்தனை வருஷம்: இந்த மூன்றும்தான் கேட்கப்படுகின்றன. கல்விக் கண்காட்சியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் மூன்றுக்கும் பதில் தயாராக இருக்கும். பிள்ளை எந்த நாட்டுச் சட்டம் படிக்கப் போகிறாள், படித்து முடித்து எந்த நீதிமன்றத்தில் நிற்க விரும்புகிறாள், அங்கே போய்ச் சேர இன்னும் எத்தனை தேர்வு பாக்கி என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டும் பெற்றோர் மிகக் குறைவு. கேட்காதது அவர்கள் குற்றமில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை?

நெடுங்காலம் மலாயாவில் லோயர் என்றாலே லண்டன் போய் வந்தவர். 1946இல் ம.இ.கா. கட்சியின் முதல் தலைவரான ஜான் திவி லண்டனில் சட்டம் படித்தவர்தான். 1957இல் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகத்தில் முதல் சட்ட மாணவர்கள் சேர்ந்தார்கள். கோலாலம்பூருக்குச் சட்டத்துறை வந்தது 1972இல். சிங்கப்பூரின் அட்டர்னி ஜெனரலாக இருந்த அகமது இப்ராஹிம் அதன் முதல் டீன். 1984இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சட்டத்துறை தொடங்கியது. கடல் தாண்டாமல் வழக்கறிஞராகும் வழி திறந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. வீட்டுப் பேச்சு மட்டும் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை.

கப்பல் ஏற முடியாதவர்களைத் தேடி லண்டனே வந்ததும் உண்மை. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளியூர் மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் தருகிறது. ராபன் தீவுச் சிறைக்குள் இருந்தபடி நெல்சன் மண்டேலா அந்தச் சட்டப் பட்டத்துக்குப் படித்தார். பிரிக்பீல்ட்ஸ் ஏஷியா காலேஜ் 1991இல் தொடங்கியதும் இதே தேவையை ஒட்டித்தான். பிறகு அது பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனாலும் பேர் பிரிக்பீல்ட்ஸை விடவில்லை. பகலில் வேலை பார்த்து, இரவில் வகுப்புக்குப் போய், கடைசி கொமுட்டரைப் பிடித்துக் கிள்ளான் திரும்பி வழக்கறிஞரானவர்கள் உண்டு. அந்த உழைப்பை மதிக்காமல் இந்தப் பாதையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக்கூடாது.

ஆனால் பட்டம் வாங்கியதும் பாதை முடிந்துவிடுவதில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் யார் வழக்கறிஞராகலாம் என்பதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் வரையறுக்கிறது. அதன் 3ஆம் பிரிவைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு மாலை உட்கார்ந்து படிக்கலாம், சின்னதுதான். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டம் இருந்தால் மேலும் தேர்வில்லை, நேரே சேம்பரிங் எனும் தொழிற்பயிற்சி. லண்டன் பட்டமோ, அங்கீகாரம் பெற்ற வேறு பிரிட்டிஷ் பட்டமோ இருந்தால் இடையில் சிஎல்பி என்ற ஒரு தேர்வு நிற்கிறது. 1984இல் வந்த அது, அட்டர்னி ஜெனரலின் தலைமையிலுள்ள தகுதி வாரியத்தின் தேர்வு. சாட்சியச் சட்டம், குற்றவியல் நடைமுறை, உரிமையியல் நடைமுறை, தொழில் நடைமுறை, பொதுத்தாள் என ஐந்து தாள்கள். இங்கிலாந்திலேயே இன்னும் ஒரு கட்டம் படித்து அங்கே பாரிஸ்டராகிவிட்டால் சிஎல்பி வேண்டாம். அந்தச் செலவு எல்லோராலும் ஆகாது.

சிஎல்பி ஏன் அத்தனை பேரைப் பயமுறுத்துகிறது? கேள்விகள் கடினம் என்பது பாதிக் காரணம்தான். மூன்று வருடம் வேறொரு நாட்டின் சட்டத்தில் ஊறிய மாணவர், மலேசியச் சாட்சியச் சட்டத்தையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் முதன்முறையாக நெருங்கிப் பார்ப்பது அங்கேதான். மலாயாப் பல்கலைக்கழக மாணவர் நாலு வருடத்தில் நிதானமாகப் பழகியதை, இவர் ஒன்பது மாதத்தில் விழுங்க வேண்டியிருக்கிறது. இது மாணவரின் திறமைக் குறைவே அல்ல, பாதை அப்படி. சிஎல்பியை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே பொதுத் தேர்வு வைக்கலாம் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. இன்று சேரும் பிள்ளை அந்தப் பேச்சை நம்பிப் பணம் கட்ட முடியாது.

“எஸ்டிபிஎம் எடுத்தா லேட் ஆயிடும்” என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்க்கலாம். எஸ்டிபிஎம் தேர்வுக்கான ஆறாம் படிவம் மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை வருடம்; முடிவு வந்து பல்கலைக்கழகம் திறக்கும் வரை சில மாதக் காத்திருப்பு; மலாயாவில் சட்டம் நாலு வருடம்; சேம்பரிங் ஒன்பது மாதம். கூட்டினால் ஏழு வருடத்தை ஒட்டி வரும். மறுபக்கம் ஏ-லெவல் ஒன்றரை அல்லது இரண்டு வருடம், பட்டம் மூன்று வருடம், சிஎல்பி தயாரிப்பும் தேர்வும் முடிவும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல், பிறகு அதே ஒன்பது மாத சேம்பரிங். அதுவும் ஏழுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ஏ-லெவலுக்குப் பதில் ஒரு வருட ஃபவுண்டேஷன் எடுத்தால் சில மாதம் குறையும். சிஎல்பியில் ஒரு தடவை தவறினால் அந்த மிச்சமும் போய்விடும். பட்டத்தை மட்டும் எண்ணுகிறவருக்கு மூன்று நாலை விடச் சின்னது. நீதிமன்றத்தில் நிற்கும் நாள் வரை எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒன்று.

இருந்தும் ஆறாம் படிவத்துக்கு மதிப்பில்லை. “ஃபார்ம் சிக்ஸா? திரும்பவும் யூனிஃபார்மா?” என்று சித்தி கேட்பார். பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்ததா என்று வருஷா வருஷம் தவிக்கிற சமூகம் நாம். மெட்ரிகுலேஷனில் அறிவியல் உண்டு, கணக்கியல் உண்டு. சட்டத்துக்கென்று ஒரு பிரிவு இல்லை. சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு மலாய், வரலாறு, பொருளாதாரம், ஏன், தமிழையும்கூட பாடமாக எடுத்து, மிகச் சொற்பக் கட்டணத்தில் ஒன்றரை வருடம் எழுதிப் பழகும் இடம் ஆறாம் படிவம். நீளமாக வாசிப்பதும் நீளமாக எழுதுவதும்தான் சட்டப் படிப்பின் பெரும்பகுதி. அதற்கான பயிற்சியைக் கையில் வைத்துக்கொண்டே நாம் அதைத் தோற்றவர்கள் போகும் இடமாகப் பார்க்கிறோம். பிள்ளைகளின் நெஞ்சில் அந்த வெட்கத்தை ஏற்றுகிறோம். இது வருந்த வேண்டிய விஷயம்.

அதே மூச்சில் மற்றதையும் சொல்ல வேண்டும். எஸ்டிபிஎம்மில் 4.00 எடுத்தும் கேட்ட துறை கிடைக்காத மாணவர்களின் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மதிப்பெண்ணோடு புறப்பாட நடவடிக்கைக்கும் பங்குண்டு, இடங்களோ குறைவு. பல்கலைக்கழகப் பட்டியல் வெளிவரும் நாள் வரை இந்தப் பாதையில் எதுவும் உறுதியில்லை. காசு கட்டும் பாதையில் இடம் உறுதி. ஒரு தாய் அந்த உறுதிக்காகத் தன் நகையை அடகு வைத்தால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

படித்த இடம் ஒருவரின் உயரத்தைத் தீர்மானித்துவிடுவதும் இல்லை. அம்பிகா சீனிவாசன் 1979இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அங்கே பாரிஸ்டராகி, 1982இல் மலேசிய வழக்கறிஞரானார். 2007 செப்டம்பர் 26இல், நீதித்துறை நியமனங்கள் பற்றி விசாரணை கோரி ஏறத்தாழ இரண்டாயிரம் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடந்தபோது முன்னால் நடந்த வழக்கறிஞர் மன்றத் தலைவர் அவர். நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியாக 2019இல் பொறுப்பேற்ற தெங்கு மைமூன் 1982இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். ஒருவர் கடல் கடந்தார், ஒருவர் உள்நாட்டிலேயே படித்தார்; இருவருமே ஒரே காலத்தின் பிள்ளைகள்.

பணத்தைப் பற்றி நம் வீடுகளில் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பிள்ளை படிக்கட்டும், கடனை நாம் பார்த்துக்கொள்வோம் என்பது அன்புதான். ஆனால் தனியார் பாதையின் செலவு, பட்டத்தின் கட்டணத்தோடு நிற்பதில்லை. அப்பா ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்க அனுமதி உண்டு. 2024 மே மாதத்தில் கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகு அந்தப் பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வருகிறது. அதை முதல் மூன்று வருடத்திலேயே வழித்துவிட்டால் சிஎல்பி வகுப்புக்கும், அந்த வருடத்தின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வது? பட்டத்தோடு நின்றுபோன பிள்ளைகளில் சிலர் நின்றது படிப்பு வராமல் அல்ல, கையில் காசு தீர்ந்துபோய். பட்டத்துக்குப் பிறகான இரண்டு வருடத்துக்கு முதலில் பணம் ஒதுக்கி, மிச்சத்தில் பட்டத்தைத் தேடுவதே சரியான வரிசை என்று தோன்றுகிறது.

இன்னொன்று மொழி. கீழ் நீதிமன்றங்களில் பெரும்பாலும் மலாய்தான். ஆங்கிலத்தில் மட்டும் சட்டம் படித்து வருகிறவர், சேம்பரிங்கின் முதல் மாதத்திலேயே மலாயில் சத்தியவாக்குமூலம் தயாரிக்க வேண்டியிருக்கும். பெரிய நிறுவனங்களுக்கான ஒப்பந்த வேலையில் உயர்ந்த கட்டடங்களில் உட்கார விரும்புகிறவருக்கு ஆங்கிலமே முதல் கருவி. அதற்குப் பிரிட்டிஷ் பாதை நன்றாகவே கைகொடுக்கும். நீதிமன்றங்களில் வேலை நீக்கம், விபத்து இழப்பீடு, போதைப்பொருள், மணமுறிவு என்று நம் ஆட்கள் நிற்கும் இடத்தில் பக்கத்தில் நிற்க விரும்புகிறவருக்கு மலாய் வேண்டும். தமிழும் வேண்டும்.

தமிழ் எதற்கு என்றால், சாட்சிக் கூண்டில் ஒரு பெண் “அவரு என்மேல கை நீட்டிட்டாரு” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் அன்று களைப்பாக இருந்து, கையை நீட்டினார் என்று சொல்லுக்குச் சொல் மலாயில் சொன்னால், நீதிபதியின் குறிப்பேட்டில் அடி விழுந்தது பதிவாகாது. எழுந்து நின்று, அந்தச் சொல்லுக்கு அடித்தார் என்று பொருள், மீண்டும் கேளுங்கள் என்று கோர, தமிழ் தெரிந்த ஒரு வழக்கறிஞர் அங்கே இருக்க வேண்டும். எந்தச் சட்டக் கல்லூரியும் இதைக் கற்றுத்தருவதில்லை. தமிழ்ப்பள்ளியும் பாட்டியும் கற்றுத்தந்தது அது.

எல்லாப் பாதையும் ஒரே வாசலில் வந்து சேர்கிறது. குறைந்தது ஏழாண்டு தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம். அதற்குள் இலவசச் சட்ட உதவிக் கடமையும் உண்டு. காசில்லாதவரின் வழக்கு எப்படியிருக்கும் என்று பலர் முதலில் பார்ப்பது அங்கேதான். முடிந்ததும் லோங் கால் எனும், வழக்கறிஞராக ஏற்கும் நிகழ்வு. ஜாலான் டூத்தாவிலோ ஷா ஆலாமிலோ உயர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாகப் புதியவர்கள் வரிசையில் உட்கார, ஒவ்வொருவருக்காகவும் ஒரு மூத்தவர் எழுந்து அவரை அறிமுகப்படுத்திப் பேசுவார். எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்தப் பல்கலைக்கழகம், அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று. மலாயா என்றோ லண்டன் என்றோ அதில் ஒரு வரி வந்து போகும். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் என்ற வரி வரும்போது, பின்வரிசையில் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.