புலம்பெயர்ந்தோர் குழந்தையின் மொழியுரிமை: மும்பைத் தமிழர் கல்வியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பிழைப்புத் தேடி வேற்றுமொழி நிலத்தில் குடியேறிய பெற்றோரின் குழந்தை எம்மொழியில் கல்வி பெறுதல் வேண்டும்? வீட்டின் மொழியிலா, வந்து சேர்ந்த ஊரின் மொழியிலா? இவ்வினா பெரும்பாலும் நிருவாகச் சிக்கலாகவே அணுகப்படுகிறது. ஆயின், யார் யாருக்கு எக்கடமையைச் செய்ய வேண்டியவர் என்னும் அறவினாவும் இதனுள் அடங்கியுள்ளது. மும்பைத் தமிழர் கல்வியைச் சான்றாகக் கொண்டு அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே நகரம், இருவேறு வாழ்நிலை

மும்பைத் தமிழர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர். மாட்டுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் குடியேறியோருள் அலுவலகப் பணிக்கு வந்த படித்த வகுப்பினர் மிகுதி. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் மாட்டுங்காவில் தோன்றியது. தமக்குரிய கல்வி நிறுவனத்தைத் தாமே அமைத்துக்கொள்ளும் ஆற்றல் அச்சமூகத்திற்கு இருந்தமையை இது காட்டுகிறது. தாராவியின் நிலை வேறு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலிலும் பிற கூலித் தொழில்களிலும் ஈடுபட்ட குடும்பங்களுக்கு மாநகராட்சிப் பள்ளியே கல்வியின் வாயிலாயிற்று. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருவது இந்திய நகராட்சி வரலாற்றில் குறிப்பிடத்தக்க செயலாகும்.

பயிற்றுமொழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இரு சாராருக்கும் ஒன்றே. அதன் பயன் ஒன்றன்று. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் வசதியுள்ள குடும்பத்துக் குழந்தை, படித்த பெற்றோரிடமே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ள இயலும். எழுத்தறியாப் பெற்றோரின் குழந்தைக்குப் பள்ளி தராத தமிழெழுத்தை வேறு எவரும் தருவதற்கில்லை. அக்குழந்தை தமிழ்வழியில் பயின்றாலோ, மராத்தியும் ஆங்கிலமும் செவ்வனே அமையாவிடின், உயர்கல்வியின் வாயிலிலும் வேலைச் சந்தையிலும் தடுமாற நேரிடும். எதைத் தேர்ந்தாலும் இழப்பு ஏழைக் குடும்பத்திற்கே மிகுதி.

விட்டுக்கொடுத்தல் என்னும் வாதம்

கனடிய அரசியல் மெய்யியலார் வில் கிம்லிக்கா, 1995இல் வெளிவந்த தம் நூலில், தேசியச் சிறுபான்மையினரையும் குடிபெயர்ந்தோரையும் வேறுபடுத்துகிறார். விரும்பிக் குடிபெயர்ந்தோர் தம் மொழியில் இயங்கும் முழுமையான நிறுவன அமைப்பைக் கோரும் உரிமையைத் தம் முடிவாலேயே விட்டுக்கொடுத்தவராவர் என்பது அவர் கருத்து.

இவ்வாதத்தை மும்பைத் தமிழருக்கு அவ்வாறே பொருத்துதல் இயலாது. இந்திய நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு வழங்குகிறது. திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்தவர் அயல்நாட்டவர் ஆகார். இதனினும் முதன்மையான தடை ஒன்றுண்டு. புலம்பெயரும் முடிவு பெற்றோருடையது. பள்ளியில் அமர்வது குழந்தை. தான் எடுக்காத முடிவால் ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார் எனல் அறமாகாது. இவ்வாதம் மறுபுறமும் பொருந்தும். பெற்றோரின் மொழிப்பற்றைக் காரணம் காட்டி, குழந்தை வாழவிருக்கும் ஊரின் மொழியை அதற்கு மறுப்பதும் அறமாகாது. ஆகவே தாய்மொழியும் வாழிடமொழியும் குழந்தைக்கு உரிய இரு கடன்கள் எனலாம்.

சட்டத்தின் நோக்கு

இவ்விரு கடன்களையும் இந்தியச் சட்டம் தனித்தனியே ஏற்றுள்ளது. 1956இல் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதியளிக்க முயலும் பொறுப்பை மாநிலத்தின்மீது மட்டுமன்றி உள்ளாட்சி அமைப்பின்மீதும் சுமத்துகிறது. மகாராட்டிரத்தில் குசராத்தி மொழிச் சிறுபான்மையினர் நடத்திய ஆங்கிலவழிப் பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயமாக்கியது செல்லும் என 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் மகாராட்டிர அரசு எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது.

2025 ஏப்ரலில் அம்மாநில அரசு, மராத்தி, ஆங்கில வழிப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கி ஆணையிட்டது. கடும் எதிர்ப்பு எழவே சூன் மாத இறுதியில் இந்தி தொடர்பான ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. இளங்குழந்தைக்கு மூன்று மொழிகள் சுமையாகும் என்பது எதிர்ப்பாளர் கூறிய காரணங்களுள் ஒன்று. தமிழ்வழிப் பள்ளிக் குழந்தையோ தமிழ், மராத்தி, ஆங்கிலம் என அச்சுமையை முன்னரே சுமந்து வருகிறது. பெரும்பான்மைக் குழந்தைக்கு மிகையெனக் கருதப்பட்ட சுமையைச் சிறுபான்மைக் குழந்தை சுமக்கவேண்டுமெனின், அதற்குரிய ஆசிரியரையும் கற்பித்தல் துணையையும் கூடுதலாக வழங்குதல் அரசின் கடமையாகும். கட்டாயம் எங்குண்டோ அங்குத் துணையும் இருத்தல் வேண்டும்.

ஒப்பீடும் நடுவுநிலையும்

1977இல் ஐரோப்பியச் சமூகம் புலம்பெயர் தொழிலாளரின் குழந்தைகள் குறித்து வெளியிட்ட நெறியாணை, குடியேறிய நாட்டின் மொழியைக் கற்பித்தலையும் தாய்மொழிக் கல்வியை ஊக்குவித்தலையும் ஒருங்கே வலியுறுத்தியது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று என்பதே அதன் உட்கிடை.

இந்நெறி தமிழகத்திற்கும் பொருந்தும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழகப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியபோது, தெலுங்கு, உருது முதலிய மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கோரினர். சென்னையில் தமிழ் கற்பது கடமையெனில், மும்பையில் மராத்தி கற்பதும் கடமையே. தாராவியில் தமிழ்ப் பள்ளி நிலைபெறல் வேண்டுமெனில், தமிழகத்தில் தெலுங்கு, உருதுப் பள்ளிகளும் நிலைபெறல் வேண்டும். தமக்கொன்று, பிறர்க்கொன்று என்னும் நிலை நடுவுநிலைமைக்கு மாறானது.

முடிவுரை

பல மொழி பேசும் வேற்றுநிலத்தவர் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்தமையைப் பட்டினப்பாலை அந்நகரின் பெருமையாகக் கூறுகிறது. கலந்து வாழ்தல் வேறு, கரைந்து போதல் வேறு. ஊரின் மொழியைக் கற்றல் குடியேறியவரின் கடன். அதனைக் கற்பதற்குத் தாய்மொழியை விலையாகக் கேளாதிருத்தல் ஊரின் கடன். இவ்விரு கடன்களும் நிறைவேறுகின்றனவா என்பதற்குத் தக்க அளவுகோல், வசதியுள்ள குடும்பத்தின் குழந்தை அன்று. மாநகராட்சிப் பள்ளியையன்றி வேறு வழியற்ற குழந்தையே ஆகும்.