சல்லடைக் கணக்கு

ஒரே வெள்ளை நிறத்தில் மூன்று டொயோட்டா கொரோலா வரிசையாக நின்றன. கொழும்புப் பக்கம் ஒரு கார் சேல். 2025 ஓகஸ்ட் மாத வெயில். விற்பவர் கையை நீட்டிக் காட்டினார். "இது எக்ஸ், இது ஜி, கடைசியில நிக்கிறது டபிள்யூ எக்ஸ் பி. ஃபுல் ஒப்ஷன்." மூன்று பிள்ளைகளை அறிமுகப்படுத்தி, கடைக்குட்டிதான் கெட்டிக்காரன் என்று பெருமைப்படுகிற தகப்பன் மாதிரி இருந்தது அவர் குரல். மகனின் கண் நேராகக் கடைசிக் காருக்குப் போனது. என் கண் விலை எழுதிய அட்டைக்குப் போனது. என் மனைவி காரையே பார்க்கவில்லை. நிற்க நிழல் தேடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் ஹாலிஎலக்காரர்கள். பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை என்று சுற்றி வரும் ஏ5 வீதியும், பெரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் ஏ16 வீதியும் எங்கள் ஊரில்தான் சேர்கின்றன. சந்தியில் அரை நாள் நின்றால் இலங்கையில் ஓடும் எல்லா ரகக் காரையும் பார்த்துவிடலாம். ஆனால் வீடு சந்தியில் இல்லை. அங்கிருந்து தோட்டத்து ரோட்டில் மேலே ஏற வேண்டும். பாதி தூரம் கொங்கிரீட், மீதி தூரம் கல். மழை பெய்தால் அந்தக் கல்லும் இருக்காது.

"அந்த ரோட்டுக்கு டபுள் கெப் எடுங்க சார்" என்றுதான் பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னார். நியாயமான யோசனை. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "பின்னால டிக்கி நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் அது கார்" என்றாள். இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தோட்டத்தில் ஓடியது ஒரே ஒரு கார், பெரிய துரையின் ஓஸ்டின். அது வரும் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டுக் கானுக்குள் இறங்கி நிற்போம். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், மழையானாலும். அது எங்களைக் கடந்து போன பிறகு கடைசியாகக் கண்ணில் நிற்பது அந்த டிக்கிதான். ஐம்பது வருடம் கழித்தும் அவள் மனதில் கார் என்றால் அதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். டொலர் இல்லை என்றார்கள்; பிறகு உண்மையாகவே இல்லாமல் போனது. பத்து வருடம் ஓடிய கார்கள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்ற அதிசயமான காலம் அது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவைத் திறந்ததும், கொழும்பில் கணினி வேலை பார்க்கும் மகன், "இப்ப எடுக்காட்டி பிறகு எப்பவும் இல்லப்பா" என்று லீசிங் கணக்கோடு வந்து நின்றான். கார் அவனுடையது. காசும் அவனுடையது. எனக்கு அதில் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் அது சரிதான். ஆனாலும் கேட்டான், "எந்த கிரேட் எடுப்போம்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறு வாசனை அடித்தது.

என் அப்பா தேயிலை ஸ்டோரில் சல்லடைக் காம்பராவில் வேலை செய்தார். மேலே வாட்டி, கீழே ரோலரில் அரைத்து, புளிக்க வைத்து, அடுப்பில் காய வைத்த தேயிலை கடைசியாக அவரிடம்தான் வரும். சல்லடைகள் ஆடும். பெரிய கண்ணில் தங்குவது ஒரு பெட்டிக்கு, அடுத்த கண்ணில் தங்குவது இன்னொரு பெட்டிக்கு. ஓ.பி., பெக்கோ, பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., அடியில் டஸ்ட். பள்ளிக்கூடத்துக்கு முன்பே இந்த எழுத்துக்களைப் பெட்டிகளில் பார்த்துப் படித்தவன் நான். ஒன்றை அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார்: ஒரே மலை, ஒரே நாள் பறித்த கொழுந்து, ஒரே ரோலர். கிரேட் என்பது இலைத் துண்டின் அளவு, ருசி அல்ல. டஸ்ட் சீக்கிரம் இறங்கும், சாயம் கூட இருக்கும், அவ்வளவுதான் என்பார். ஜூலையில் காய்ந்த காற்று வீசத் தொடங்கி செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் அந்த மணம் எல்லாப் பெட்டியிலும்தான் இருக்கும். ஆனால் லயத்துக்கு வந்தது எப்போதும் தூள். பங்களாவுக்குப் போனது வேறு பெட்டி.

பிறகு என் வாழ்க்கையும் கிரேட்டிலேயே ஓடியது. பாடசாலைகளில் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று இருக்கிறது. நான் படித்ததும் முதலில் படிப்பித்ததும் வகை 3. ஆசிரியர் சேவையில் மூன்றாம் தரத்தில் தொடங்கி ஒன்றாம் தரத்துக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வருடக்கணக்கில் பதுளைக்கு நடந்தேன். எந்தத் தரத்தில் இருந்தபோது நன்றாகப் படிப்பித்தேன் என்று என் மாணவர்களைக் கேட்டால், அவர்களுக்கு அப்படி ஒரு தரம் இருந்ததே தெரிந்திருக்காது.

காரிலும் இரண்டு கிரேட் உண்டு என்பதை மகன்தான் விளக்கினான். ஒன்று கம்பனி வைத்தது: எக்ஸ், ஜி, டபிள்யூ எக்ஸ் பி. (அந்த நடு எழுத்து எக்ஸ் அல்ல, பெருக்கல் குறி என்பதையும் சொன்னான், நாம் எல்லோரும் எக்ஸ் என்றே படிக்கிறோம்.) இன்னொன்று ஜப்பானில் ஏலம் போடுபவர்கள் காரைப் பார்த்துப் போடும் புள்ளி. 5, 4.5, 4, 3.5 என்று இறங்கும். அடிபட்டுத் திருத்திய காருக்கு எண் கிடையாது, ஆர் என்ற எழுத்துத்தான். உள்பக்கத்துக்குத் தனியாக ஏ, பி, சி. 'பதியாத' கார் என்று இங்கே விற்பதில் பெரும்பாலானவை அங்கே கொஞ்சம் ஓடி, ஏலத்தில் விழுந்து, கப்பல் ஏறியவை. எனக்குச் சிரிப்பு வந்தது. 1883 முதல் நாம் தேயிலைக்கு கிரேட் போட்டுக் கொழும்பு ஏலத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் காருக்கு கிரேட் போட்டு ஏலத்திலிருந்து நமக்கு அனுப்புகிறார்கள். முதல் கிரேட்டை வைத்து விற்பவர் பேசுவார். இரண்டாவதைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும். அந்தப் புள்ளி எழுதிய ஏலத்தாளைக் காட்டச் சொல்லாமல் டபிள்யூ எக்ஸ் பி வாங்குகிறவன், பெட்டியில் எழுதியதை மட்டும் படித்துவிட்டு உள்ளே தேயிலை பூத்திருக்கிறதா என்று பார்க்காத ஆள்.

மூன்று காரையும் சுற்றிச் சுற்றி வந்தோம். எஞ்சின் ஒன்று. இரும்பு உடம்பு ஒன்று. முன்னால் போகும் வாகனத்தில் மோதாமல் பார்த்துக்கொள்ளும் கமராத் தொகுதி அடி கிரேட்டிலேயே இருக்கிறது. அதற்கு மேலதிகக் காசு கேட்காததற்கு அந்தக் கம்பனியைப் பாராட்ட வேண்டும். மேலே போகப் போக மாறுவது இருக்கைத் துணி, மினுக்கும் பட்டிகள், சக்கரம். இந்தச் சக்கரத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

எக்ஸுக்கு 15 அங்குல இரும்புச் சக்கரம், அதை மறைக்க ஒரு பிளாஸ்டிக் மூடி. டயரில் 195/65 என்று எழுதியிருக்கும். டபிள்யூ எக்ஸ் பிக்கு 17 அங்குல அலோய். டயர் 215/45. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் விஷயம் விளங்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. எக்ஸுக்குக் கிட்டத்தட்ட 127 மில்லிமீற்றர் ரப்பர், மேல் கிரேட்டுக்கு 97. மூன்று சென்றிமீற்றர் குறைவு. கொழும்பு வீதியில் அந்தக் குறைவு அழகு; வளைவில் கார் பிடித்துக்கொண்டு திரும்பும். எங்கள் ரோட்டின் கல்லில் அது விளிம்பில் விழும் அடி. ஆக, கூடுதல் காசு கொடுத்து எங்கள் பாதைக்குக் குறைவான டயரை வாங்குவோம். அங்கேயே நின்று பதுளையில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் போட்டேன். "பதினஞ்சு எப்ப வேணும்னாலும் இருக்கு சார். பதினேழுன்னா சொல்லித்தான் எடுக்கணும்."

அடிக்கும் உச்சிக்கும் விலை வித்தியாசம் 16 இலட்சம். ஜப்பானில் கூடும் தொகைக்கு இங்கே சுங்கத் தீர்வை, மேல்வரி, வற் என்று வால் முளைக்கிறது. பழைய பழக்கத்தில் மனம் அதைப் பேராக மாற்றிப் பார்த்தது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அதற்கான சம்பளம். 2024 செப்டம்பரில் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 16 இலட்சம் என்றால் 1,185 பேர். மாதம் 25 நாள் தவறாமல் மலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நான்கு வருடம், கிட்டத்தட்ட. இதை மகனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்படின்னா காரே வாங்கக் கூடாதுப்பா" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாத்தா காலத்துல தூளு நமக்கு, நல்லது பங்களாவுக்கு. இப்ப காசு கொடுத்து வாங்கும்போதும் நம்மளே போய் அடிப் பெட்டியில நிக்கணுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. தேவைக்கு மட்டும் வாங்கு என்ற உபதேசம், தேவைக்கும் குறைவாகவே கிடைத்துப் பழகிய வீட்டில் வேறு மாதிரிக் கேட்கும். வசதியாகப் பிறந்தவர் எளிய கார் ஓட்டினால் அது அடக்கம். எங்கள் ஆள் ஓட்டினால், 'அவ்வளவுதான் முடிந்தது' என்பார்கள். இதை ஆடம்பர ஆசை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

காரில் இந்த கிரேட் ஏணியைப் போட்டவர்களுக்கு மனிதரின் இந்த மெல்லிய இடம் நன்றாகத் தெரியும். ஹென்றி ஃபோர்ட் 1908 முதல் 1927 வரை மொடல் டி ஒன்றையே மலிவாக்கி மலிவாக்கி விற்றார். எதிரே ஜெனரல் மோட்டர்ஸின் அல்ஃபிரட் ஸ்லோன், செவ்ரலெட்டில் தொடங்கிக் கடிலக் வரை படி கட்டினார். ஒரு படியில் இருப்பவருக்கு அடுத்த படி எட்டும் தூரத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். ஃபோர்ட் தோற்றார். இப்போது அந்தப் படிகள் ஒரே காருக்குள் வந்துவிட்டன. நடுவில் ஜி நிற்பதும் அதற்குத்தான். எக்ஸ் பார்த்தவரை மேலே தள்ளவும், டபிள்யூ எக்ஸ் பிக்கு எட்டாதவரை ஆறுதல்படுத்தவும்.

முடிவெடுத்தது மனைவி. நிழல் கிடைக்காத கோபத்தில் வந்து எக்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள், மடக்கினாள், இறங்கினாள். முழங்கால் வலிக்காரி. ஜியில் ஏறி இறங்கினாள். டபிள்யூ எக்ஸ் பியிலும். "மூணும் ஒண்ணுதான். எதுலயும் இறங்குறப்ப புடிச்சிக்கத்தான் வேணும்" என்றாள். பின்சீட்டுக்கு கிரேட் கிடையாது என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். அந்தக் காரில் ஆயுள் முழுக்கப் பின்சீட்டில் போகப் போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேரும்.

ஏலத்தாளில் 4.5 இருந்த எக்ஸை எடுத்தோம். மகன் முகம் சுளிக்கவில்லை; சிரிக்கவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் பண்டாரவளையில் நிறுத்தித் தேத்தண்ணீர் குடித்தோம். கோப்பையில் இருந்தது டஸ்ட்தான், நிறத்திலேயே தெரிந்தது. நல்ல தேத்தண்ணீர்.

சில நாட்களில், செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எங்கள் பக்கம் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு பிரேக்கைப் பற்றியும் டயரைப் பற்றியும்தான். மகன் போன் எடுத்து, இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சின்ன கியருக்கு இறக்குவது எப்படி என்று கேட்டான். அவன் ஊருக்கு வந்ததும், இங்கே பஸ் ஓட்டிய ஒருவரிடம் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க வைத்தேன். அந்த வசதியும் மூன்று கிரேட்டிலும் ஒன்றுதான்.

தீபாவளிக்கு வந்தபோது காரின் பிளாஸ்டிக் மூடிகளைக் காணவில்லை. அந்த இடத்தில் பளபளவென்று அலோய். என்னைப் பார்த்ததும் அவனே முந்திக்கொண்டான்: "பதினஞ்சுதாம்பா. செக்கன்ட் ஹேண்ட்."

குனிந்து டயரைப் பார்த்தேன். 195/65. பழைய டயரையே மாற்றிப் போட்டிருக்கிறான். இரும்புச் சக்கரங்கள் நான்கும் எங்கள் வீட்டுக் கொட்டிலில் கிடக்கின்றன.